நீலப் புள்ளி

தென்கொரியாவில் கோ விளையாட்டுக்கென்றே தனித் தொலைக்காட்சி அலைவரிசை உண்டு. அங்கே அந்த ஆட்டத்தின் பெயர் பாதுக். சீனாவில் வெய்ச்சி, ஜப்பானில் இகோ. அதில் ஏதாவது ஒரு பெரிய ஆட்டத்தை இன்று போட்டுப் பாருங்கள். மொழி தெரியாவிட்டாலும் பாதகமில்லை. திரையின் ஓரத்தில் ஒரு பட்டை கறுப்புக்கு இத்தனை சதவீதம், வெள்ளைக்கு இத்தனை சதவீதம் என்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பலகையில் ஓரிடத்தில் ஒரு நீலப் புள்ளி தெரியும். அடுத்த கல்லை வைக்கச் சிறந்த இடம் என்று கணினி காட்டும் இடம் அது. நமக்குத் தெரியும் அந்தப் புள்ளி, ஆடுகிறவருக்குத் தெரியாது. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசிக்கிறார். கடைசியில் அவர் கை அந்தப் புள்ளிக்கே போனால் வர்ணனையாளர் குரல் உயர்கிறது. ஒரு கட்டம் தள்ளிப் போனால் பட்டை சரிகிறது, வீட்டில் முறுக்கு தின்றுகொண்டிருப்பவர்கூட “அடடா, தப்பு பண்ணிட்டாரே” என்கிறார். அந்த ஆள் ஒன்பது டான் பட்டம் பெற்றவர். அதற்கு மேல் பட்டமே கிடையாது.

குகேஷ், பிரக்ஞானந்தா ஆட்டங்களை நேரலையில் பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டை பழகியதுதான். ஆனால் சதுரங்கத்துக்கு அது பல ஆண்டுகளில் படிப்படியாக வந்து சேர்ந்தது. கோ ஆட்டத்துக்கோ ஒன்றரை ஆண்டு, கொஞ்சம் கூடுதலாக. 2015 அக்டோபரில் தொடங்கி 2017 மே மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. (‘கோவில்’ என்று எழுதினால் வாசகர் கற்பூரம் வாங்கப் போய்விடுவார் என்பதால், ‘கோ ஆட்டத்தில்’ என்றே கடைசிவரை எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நெடுக்கில் 19 கோடு, குறுக்கில் 19 கோடு. நம் ஆடு புலி ஆட்டம் போலவே, காய்கள் கட்டத்துக்குள் உட்காருவதில்லை. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் உட்காரும். அப்படி 361 இடங்கள். ஒருவருக்குக் கறுப்புக் கல், ஒருவருக்கு வெள்ளைக் கல். வைத்த கல்லை நகர்த்த முடியாது. எதிரியின் கல்லை நாலா பக்கமும் வளைத்துவிட்டால் எடுத்துவிடலாம். கடைசியில் யார் அதிக நிலத்தை வளைத்திருக்கிறாரோ அவருக்கு வெற்றி. விதி இவ்வளவுதான். பலகையில் நியாயமாக அமையக்கூடிய நிலைகளின் எண்ணிக்கையோ 171 இலக்க எண்.

கணினியைத் தடுமாற வைத்தது இந்த எண் மட்டும் என்று நினைக்கக்கூடாது. சதுரங்கத்தில் ராணிக்கு ஒரு மதிப்பு, சிப்பாய்க்கு ஒரு மதிப்பு. கூட்டிக் கழித்தால் யார் கை ஓங்கியிருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். இங்கே எல்லாக் கல்லும் ஒரே விலை. நாற்பது கல் தள்ளி நடக்கப்போகும் சண்டையில்தான் இந்தக் கல் உயிரோடு இருக்கிறதா, செத்ததா என்பதே தெரியவரும். நல்ல ஆட்டக்காரரிடம் ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கேட்டால், ‘அந்த வடிவம் சரியாகப் படவில்லை’ என்பார். அந்த ‘சரியாகப் படவில்லை’யை நிரலாக எழுத ஆள் இல்லாமல்தான் முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடின.

கணினி எவ்வளவு பின்தங்கி இருந்தது என்பதற்கு இந்த ஆட்டத்துக்குள்ளேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. வலியவரும் எளியவரும் மோதும்போது, எளியவர் தன் கற்கள் சிலவற்றைப் பலகையில் முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். சலுகைக் கல். வழக்கமாக அதிகபட்சம் ஒன்பது. 1997இல், டீப் ப்ளூ கணினி சதுரங்கச் சாம்பியன் காஸ்பரோவைச் சாய்த்த அதே ஆண்டில், ஜானிஸ் கிம் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் அன்றைய பலம்வாய்ந்த நிரல்களில் ஒன்றான ஹேண்ட்டாக்குக்கு 25 கற்களைச் சலுகையாகக் கொடுத்து அதைத் தோற்கடித்தார். ஓட்டப்பந்தயத்தில் பாதித் தூரத்துக்கு முன்னால் நிற்கவைத்துவிட்டுத் துரத்திப் பிடித்தது போல. அடுத்த ஆண்டு, கணினி அறிஞரும் வலுவான அமெச்சூருமான மார்ட்டின் முல்லர் இன்னொரு நிரலுக்கு 29 கற்கள் கொடுத்தும் வென்றார். தைவான் தொழிலதிபர் இங் சாங்-கி, இளையோர் தர ஆட்டக்காரர்களை வெல்லும் நிரலுக்கு 10 லட்சம் டாலருக்கும் மேல் பரிசு அறிவித்திருந்தார். கெடு 2000ஆம் ஆண்டு. கெடு முடிந்தது, பணத்தை வாங்க யாரும் வரவில்லை.

பிறகு சலுகைக் கற்கள் குறையத் தொடங்கின. 2006 வாக்கில் பிரான்சின் ரெமி குலோம் போன்றவர்கள் புது வழி ஒன்றைக் கையாண்டார்கள். யோசிப்பதற்குப் பதில், கிடைத்த நிலையிலிருந்து ஆட்டத்தை மனம்போனபடி ஆயிரக்கணக்கான முறை முடிவு வரைக்கும் ஆடிப் பார்ப்பது. எந்த இடத்தில் வைத்தால் அதிகம் ஜெயிக்கிறதோ அங்கே வைப்பது. குருட்டாம்போக்கு போலத் தோன்றும், ஆனால் பலித்தது. 2008இல் மோகோ என்ற நிரல் 9 சலுகைக் கல்லோடு கொரியாவின் கிம் மியுங்வானை வென்றது. 2012இல் ஸென் என்ற ஜப்பானிய நிரல் 5 கல், பிறகு 4 கல் வாங்கிக்கொண்டு தகேமியா மசாகியை வென்றது. தகேமியா சாதாரண ஆளல்லர். மற்றவர்கள் மூலையிலும் ஓரத்திலும் நிலம் பிடிக்க, அவர் நட்ட நடுப்பலகையில் வானத்தைக் கட்டி எழுப்புவார். அந்தப் பாணிக்கு ‘அண்டப் பாணி’ என்றே பெயர். இருந்தும், சலுகையே இல்லாமல் சமமாக மோதி வெல்ல இன்னும் பத்தாண்டாவது ஆகும் என்பதுதான் 2015 வரை விவரம் தெரிந்தவர்களின் கணிப்பு.

2015 அக்டோபரில், லண்டனில், கூகுளுக்குச் சொந்தமான டீப்மைண்ட் நிறுவன அலுவலகத்தில், ஐரோப்பியச் சாம்பியன் ஃபான் ஹுய், அந்த நிறுவனத்தின் ஆல்ஃபாகோ நிரலிடம் எந்தச் சலுகையும் இல்லாமல் 5–0 என்று தோற்றார். சேதி மூன்று மாதம் வெளியே வரவில்லை. 2016 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தபோதும் சியோலில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஃபான் ஹுய் இரண்டு டான் தான். அடுத்து மோதப்போகும் கொரியாவின் லீ செடோல் ஒன்பது டான், 18 பன்னாட்டுப் பட்டங்கள். ஒன்று 5–0 இல்லாவிட்டால் 4–1, அதுவும் தனக்குச் சாதகமாக என்று அவரே சொன்னார்.

அந்த வாரத்தைப் பற்றி உலகமே எழுதிவிட்டது. 2016 மார்ச் 9 முதல் 15 வரை ஐந்து ஆட்டங்கள். நான்கு ஆல்ஃபாகோவுக்கு, ஒன்று லீக்கு. அதில் எல்லோரும் சொல்வது இரண்டாவது ஆட்டத்தின் 37ஆவது கல்லைப் பற்றி. பலகையில் மூன்றாவது கோடு நிலத்துக்கு, நான்காவது கோடு செல்வாக்குக்கு என்பது பால பாடம். ஆல்ஃபாகோ ஐந்தாவது கோட்டில், எதிரிக் கல்லின் தோளில் சாய்ந்தாற்போல ஒரு கல்லை வைத்தது. அப்படி வைத்தால் எதிரிக்கு நான்காவது கோட்டில் கொழுத்த நிலத்தைத் தானம் செய்வதாக அர்த்தம். மாணவன் வைத்திருந்தால் குட்டு விழுந்திருக்கும். வர்ணனையிலிருந்த மைக்கேல் ரெட்மண்ட், தானும் ஒன்பது டான், காட்சிப் பலகையில் கல்லை வைத்துவிட்டுச் சந்தேகம் வந்து திரும்ப எடுத்துப் பார்த்தார். ஒரு மனிதர் அங்கே வைக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று ஆல்ஃபாகோவே கணக்கிட்டிருந்தது, தெரிந்தேதான் வைத்தது. புகைபிடிக்க வெளியே போயிருந்த லீ திரும்பி வந்து பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் அசையவில்லை.

எனக்கு அந்த வாரத்தில் நினைவில் தங்கிவிட்டது வேறொன்று. எதிர்நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவர் டீப்மைண்டின் அஜா ஹுவாங். நிரலை எழுதியவர்களில் ஒருவர், தானும் நல்ல அமெச்சூர் ஆட்டக்காரர். திரையில் வரும் இடத்தில் கல்லை எடுத்து வைப்பது மட்டுமே அன்று அவர் வேலை. லீ அவ்வப்போது தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தார். பழக்கதோஷம். எதிரியின் மூச்சு, கண், கல்லை வைக்கும் ஓசை இவற்றையெல்லாம் படித்து வளர்ந்தவர் அவர். அந்த முகத்திலோ படிக்க ஒன்றுமில்லை.

ஆட்டம் முடிந்த பிறகு அது இன்னும் உறைக்கும். கொரியாவிலும் ஜப்பானிலும் சீனாவிலும், ஆட்டம் முடிந்த கையோடு இருவரும் எழுந்து போய்விட மாட்டார்கள். கற்களை எடுத்துவிட்டு, முதல் கல்லிலிருந்து மறுபடி வைத்துப் பார்ப்பார்கள். ‘இங்கே நான் பயந்தேன்.’ ‘அங்கே நீங்கள் வெட்டியிருந்தால் என் கதை முடிந்திருக்கும்.’ கொரியர்கள் இதைப் ‘பொக்கி’ என்கிறார்கள். தோற்றவருக்கு வலிக்கும், ஆனாலும் உட்காருவார். அப்போதுதான் ஆட்டம் இருவருக்கும் சொந்தமாகும். இரண்டு ஆட்டங்கள் தோற்றபின் லீ யாரோடு பொக்கி செய்வது? சக ஆட்டக்காரர்கள் சிலர் அவருடைய ஓட்டல் அறைக்குப் போனார்கள். விடியும்வரை கல்லை வைத்து வைத்துப் பார்த்தார்கள். எதிரியை விட்டுவிட்டு எதிரியின் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு கூட்டம்.

நான்காவது ஆட்டத்தில் லீ 78ஆவது கல்லை இரு கறுப்புக் கற்களுக்கு நடுவே ஆப்பு போலச் செருகினார். அதற்குப் பிறகு ஆல்ஃபாகோ உளறத் தொடங்கியது; பத்துக் கல் போட்ட பிறகே தன் நிலைமை மோசம் என்று அதற்குப் புரிந்தது. கொரியர்கள் அந்தக் கல்லைத் தெய்வத்தின் கை என்றார்கள். ஆல்ஃபாகோவைவிட வலிமையான பிந்தைய நிரல்கள், 78க்குச் சரியான பதில் இருந்தது என்று காட்டிவிட்டன. அதனாலென்ன? எதிரி தடுமாறும் இடம் எதுவென்று மோப்பம் பிடித்து அங்கே கை வைப்பதும் ஆட்டம்தான். மூன்று ஆட்டம் தோற்ற அன்று, தோற்றது லீ செடோல்தான், மனிதகுலம் அல்ல என்று சொன்னவர், நான்காவதை வென்றதும் கடைசி ஆட்டத்தில் தனக்குக் கறுப்புக் கல்லைத் தரும்படி கேட்டார். ஆல்ஃபாகோ வெள்ளையில்தான் அதிக வலு என்பது அதற்குள் தெரிந்திருந்தது. கேட்டு வாங்கி, தோற்றார்.

அடுத்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். அந்த ஆண்டின் கடைசி நாட்களில் ‘மாஸ்டர்’ என்ற பெயரில் இணையத்தில் ஒரு முகம் தெரியாத ஆட்டக்காரர் உலகின் பெரிய தலைகளோடு மோதினார். சீன ஆட்டக்காரர் கு லீ, மாஸ்டரை வெல்பவருக்கு ஒரு லட்சம் யுவான் என்று அறிவித்துப் பார்த்தார். 60 ஆட்டம், 60 வெற்றி. மாஸ்டர் என்பது ஆல்ஃபாகோதான். 2017 மே மாதம் சீனாவின் வூஜென் நகரில் அன்றைய முதலிடக்காரர் கே ஜியே 3–0 என்று தோற்றார். மூன்றாம் ஆட்டத்தின் நடுவே அழுதார். வயது 19. அதோடு ஆல்ஃபாகோ ஓய்வு பெற்றுவிட்டதாக அறிவித்தார்கள். அக்டோபரில் ஆல்ஃபாகோ ஜீரோ வந்தது. மனிதர்கள் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூட அது பார்த்ததில்லை. மூன்று நாளில் தனக்குத்தானே 49 லட்சம் ஆட்டம் ஆடி, லீயை வென்ற பதிப்பை 100–0 என்று நொறுக்கியது.

1938இல் ஜப்பானில் நடந்த ஒரு ஆட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஹொனின்போ ஷூசாய் என்ற பழம்பெரும் குருவின் ஓய்வு ஆட்டம். எதிரே கிதானி மினோரு. ஆளுக்கு 40 மணி நேரம். ஜூனில் தொடங்கி, குரு நோயில் விழுந்து, மருத்துவமனைக்குப் போய்த் திரும்பி, டிசம்பரில் முடிந்தது. ஐந்து புள்ளியில் கிதானி வென்றார். செய்தித்தாளுக்காக அதை உடனிருந்து எழுதியவர் கவபாத்தா யசுனாரி. பின்னாளில் அது நாவலாயிற்று. ஒரே ஒரு ஆட்டம், அரை ஆண்டு. அந்த அரை ஆண்டில் அங்கே இருந்தது என்ன, இந்த 49 லட்சத்தில் இல்லாதது என்ன என்று கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் ‘காத்திருந்த ஆட்கள்’ என்பதுதான்.

அன்றைக்கு ஆட்டம் ஆளிடமிருந்து ஆளுக்குப் போயிற்று. 1980களில் லீ சாங்-ஹோ என்ற சிறுவன் கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் சோ ஹுன்-ஹியுனின் வீட்டிலேயே தங்கிப் படித்தான். சரியான குருகுல வாசம். 1990இல் அந்தச் சீடன் குருவிடமிருந்தே பட்டத்தைப் பறித்தான். இரவு இருவரும் ஒரே வீட்டுக்குத்தான் திரும்பவேண்டும். இன்றைக்கு மாணவன் மடிக்கணினியைத் திறக்கிறான். 2019இல் வெளிவந்த கட்டாகோ என்ற நிரல் இலவசம், வீட்டிலுள்ள சாதாரண விளையாட்டுக் கணினியில்கூட ஓடும், உலகின் எந்தச் சாம்பியனையும் வெல்லும். பட்டணத்துக்குப் போய்க் குருவைத் தேடவேண்டிய கட்டாயம் போய்விட்டது. இது நல்ல மாற்றம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பெரிய ஆட்டக்காரர்கள் கூடிப் பேசும் ஆண்கள் வட்டத்துக்குள் இடம் கிடைத்தால்தான் புது வித்தை தெரியும் என்ற நிலை இருந்தவரை பெண்களுக்குக் கதவு பாதிதான் திறந்திருந்தது. 2022இல் சோய் ஜியோங் சாம்சங் கோப்பையின் இறுதிச் சுற்றுவரை வந்தார். பெரிய பன்னாட்டுத் தனிநபர் போட்டி ஒன்றின் இறுதிக்கு ஒரு பெண் வந்தது அதுவே முதல்முறை.

ஆட்டத்தின் முகமும் மாறிவிட்டது. எதிரி மூலையில் நட்சத்திரப் புள்ளியில் கல் வைத்திருந்தால், உடனே அதன் அடியில் மூன்றுக்கு மூன்று இடத்தில் புகுந்துவிடக்கூடாது என்பது அன்றைய பாடம். சிறு நிலத்துக்கு ஆசைப்பட்டு எதிரிக்கு வெளியே சுவர் கட்டிக் கொடுக்காதே என்பார்கள். இன்றைக்கு ஆட்டம் தொடங்கிய நாலைந்து கல்லிலேயே புகுந்துவிடுகிறார்கள். சுவர் அவ்வளவு பெரிய லாபம் அல்ல என்று கணினி காட்டிவிட்டது. 1950 முதல் 2021 வரை தொழில்முறை ஆட்டக்காரர்கள் வைத்த 58 லட்சம் கற்களை ஆராய்ந்து 2023இல் வந்த ஓர் ஆய்வு, பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்ற மனித ஆட்டத்தின் தரம் ஆல்ஃபாகோவுக்குப் பிறகு சட்டென்று உயர்ந்திருக்கிறது என்கிறது. புதுப்புது இடங்களில் கல் வைப்பதும் கூடியிருக்கிறதாம்.

இருக்கலாம். ஆனால் முதல் நாற்பது கல் வரை யார் ஆடுகிறார் என்று பெயரை மறைத்துவிட்டுச் சொல்லச் சொன்னால் இன்று கஷ்டம். அன்று தகேமியாவின் ஆட்டத்தைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். இன்றைய முதலிடக்காரர் ஷின் ஜின்சோவுக்குக் கொரியர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர், அவருடைய குடும்பப் பெயரையும் ‘செயற்கை நுண்ணறிவு’க்கான கொரியச் சொல்லையும் ஒட்டிச் செய்தது. அவர் கல்லும் நீலப் புள்ளியும் எத்தனை முறை ஒத்துப்போகின்றன என்பதுதான் அந்தப் புகழ். அணிகள் மோதும் நோங்ஷிம் கோப்பையில் கடைசி ஆளாக இறங்கி ஆறு ஆட்டங்களைத் தொடர்ச்சியாக வென்று 2024இல் கொரியாவுக்குக் கோப்பையை வாங்கித் தந்தவர் அவர். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒருவரைப் பாராட்டும் சொல்லே ‘இயந்திரம் மாதிரி’ என்று ஆகிவிட்டது, பாருங்கள். அதே ஒத்துப்போகும் கணக்குதான் இப்போது திருட்டையும் பிடிக்கிறது. 2020இல் கொரியாவில் 13 வயதுத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் இணையப் போட்டியில் நிரலின் உதவியை நாடியதற்காக ஓராண்டு விலக்கிவைக்கப்பட்டார். அந்த வயதில் நாமெல்லாம் பரீட்சையில் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தவர்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

இழப்பு எதுவென்று என்னைக் கேட்டால், காரணம். பழைய குரு தப்பாகவே சொன்னாலும் காரணம் சொன்னார்: சுவர் கொடுக்காதே, பேராசை வேண்டாம், வெட்டவேண்டிய இடத்தில் வெட்டு. நீலப் புள்ளி எதுவும் சொல்லாது. இங்கே 52, அங்கே 49. அவ்வளவுதான். ஆட்டம் முடிந்து எதிரெதிரே உட்கார்ந்து பேசிய இடத்தில், ஆளுக்கொரு திரை வந்துவிட்டது. எதிரியிடம் ‘ஏன் அங்கே வைத்தீர்கள்?’ என்று கேட்பதைவிட, ‘அங்கே வைத்தது சரியா?’ என்று திரையிடம் கேட்பது சுலபம்.

இதற்கு நடுவே ஒரு வேடிக்கையும் நடந்தது. 2023இல் கெல்லின் பெல்ரின் என்ற அமெரிக்க அமெச்சூர் கட்டாகோவை 15 ஆட்டத்தில் 14 முறை வென்றார். கணினியின் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொத்தலை இன்னொரு நிரலே தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தது. ஆடும்போது அவர் கணினி உதவியைத் தொடவில்லை. பலகையின் வேறு மூலைகளில் பராக்குக் காட்டிக்கொண்டே, கட்டாகோவின் கூட்டம் ஒன்றை மெல்ல மெல்ல வளையமாகச் சுற்றி வளைப்பதுதான் தந்திரம். ஆட்டம் கற்ற ஒரு சிறுமியே ‘ஐயோ, வளைக்கிறான்’ என்று கூவியிருப்பாள். உலகின் மிக வலிய ஆட்டக்காரருக்கு அது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் இதை மனிதரின் பழிவாங்கலாகக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. பூட்டின் குறையை அறிந்து திறப்பது வேறு, ஆடுவது வேறு.

லீ செடோல் 2019 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். எவ்வளவு முயன்று முதலிடத்துக்குப் போனாலும் வெல்ல முடியாத ஒன்று மேலே இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. பிறகொரு பேட்டியில், இருவர் சேர்ந்து படைக்கும் கலையாகவே தான் இந்த ஆட்டத்தைக் கற்றதாகச் சொன்னார்.

விடைபெறும் ஆட்டத்துக்கும் அவர் ஒரு கணினியையே தேர்ந்தெடுத்தார், கொரிய நிறுவனம் ஒன்றின் ‘ஹன்டோல்’ நிரலை. டிசம்பரில் மூன்று ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் பலகையில் இரண்டு சலுகைக் கற்கள் வைக்கப்பட்டன. 22 ஆண்டுகளுக்கு முன் கணினிக்கு 25 கல். இப்போது மனிதருக்கு 2. அந்த ஆட்டத்தை லீ வென்றார். ஹன்டோலைக் கவிழ்த்தது அவர் வைத்த ஒரு கல். எண்ணிப் பார்த்தால் அதுவும் 78ஆவது கல். அடுத்த நாள் சமமாக ஆடித் தோற்றார். மூன்றாவது ஆட்டம் அவர் பிறந்த தீவு இருக்கும் சினான் மாவட்டத்திலேயே நடந்தது. மறுபடியும் இரண்டு சலுகைக் கல். அதிலும் தோற்றார். அப்போது அவருக்கு வயது 36.